மலைநாட்டு ஏற்றத்துக்கு மொறிஸ் மைனரைத் தயார்செய்தல்

பொறியியலாளர் அலெக் இஸிகோனிஸ் மொறிஸ் மைனர் என்ற பிரித்தானியச் சிறு காரை வரைந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். 'மொஸ்கிற்றோ' என்ற பெயரில் உருவான அந்தப் பரீட்சார்த்த வண்டிக்கு, படுக்கைவாட்டில் எதிரெதிராக நான்கு சிலிண்டர் வைத்த எஞ்சின்தான் முதலில் திட்டமிடப்பட்டது. அந்த எஞ்சினைக் கைவிட்டார்கள். அதற்காக ஒதுக்கிய அகலமான இடம் அப்படியே நின்றுவிட்டது. உற்பத்தி தொடங்கப்போகும் நேரத்தில் வண்டி ஒடுங்கலாகத் தெரிகிறது என்று மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக வெட்டி, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார் இஸிகோனிஸ். பொனட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலம்தான். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்திருந்தன. ஆகவே முதல் கார்களின் பம்பரை நடுவில் வெட்டி, இடையில் ஒரு துண்டு வைத்து மூடினார்கள்.

1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு வந்தபோது இந்த வண்டியில் அன்றைய சிறு கார்களில் ஒருசேரக் காணக் கிடைக்காத பல விஷயங்கள் இருந்தன. 17 அங்குலச் சில்லு வழக்கத்தில் இருந்த காலத்தில் 14 அங்குலச் சில்லு. முன்சில்லுகள் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தனித்தனியே ஏறி இறங்கும். வில்லுக்குப் பதில் நீளமான முறுக்குத் தண்டு. பல்சட்ட ஸ்டியரிங். தனிச் சேசி (அடிச்சட்டம்) கிடையாது, உடலே சுமையைத் தாங்கும். றம்பொடை, கினிகத்தேனை வளைவுகளில் மைனர் இன்றும் சொன்ன இடத்தில் திரும்புவதற்கு இவைதான் காரணம். பழுதானால் ஆபத்தைத் தரக்கூடிய இடங்களும் இவற்றிலேயே இருக்கின்றன. எந்தப் பாகம் எந்த எண்ணத்தில் வைக்கப்பட்டது என்று தெரிந்து கைவைத்தால் மைனர் பல தலைமுறை ஓடும். 'பழைய கார்தானே, எதைப் பொருத்தினாலும் ஓடும்' என்று கைவைப்பதால்தான் அதிக வண்டிகள் வீணாகின்றன.

பழைய பங்களாக் கொட்டில்களிலும் கராஜ்களின் பின்பக்கத்திலும் ஆண்டுக்கணக்கில் நிற்கும் மைனர்கள் மலைநாட்டில் இன்னமும் இருக்கின்றன. அப்படி நின்ற ஒன்றை நுவரெலியா உயரத்தில் பத்திரமாக ஓடும் நிலைக்குக் கொண்டுவரும் வேலையைப் பார்ப்போம்.

எந்த மைனர் என்று அறிதல்

முதல் வண்டிகளில் 918 சிசி பக்க வால்வு எஞ்சின். 1952இல் 803 சிசி ஏ-வரிசை எஞ்சின் வந்தது. 1956இல் 948 சிசி வந்தது. அதனோடு முன்கண்ணாடியும் இரண்டு துண்டிலிருந்து ஒற்றை வளைவுக் கண்ணாடியானது. 'மைனர் 1000' என்பது அது. 1962இல் 1098 சிசி வந்தது. இங்கே எஞ்சின் மாற்றாத வண்டி அபூர்வம். எனவே உடலைப் பார்த்து முடிவுசெய்யாமல் எஞ்சின் தகட்டைப் பாருங்கள். 9எம் என்று தொடங்கினால் 948, 10எம்ஏ என்று தொடங்கினால் 1098. கீழே சொல்லும் அளவுகள் இந்த இரண்டுக்கும் பொருந்தும்.

பதிவுப் புத்தகத்திலுள்ள சேசி எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியோடு ஒப்பிட்ட பிறகே பணம் கொடுங்கள். ஜப்பானிய எஞ்சின் ஏற்றிய வண்டியென்றால் அந்த எண் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களப் பதிவில் ஏறியிருக்க வேண்டும். அப்படி மாற்றிய வண்டியில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: எஞ்சின் பலம் கூடியிருக்கும், பிரேக் மட்டும் பழைய 7 அங்குல டிரம்மிலேயே இருக்கும். மலைப்பாதையில் அந்தச் சேர்க்கையை நாங்கள் ஏற்பதில்லை.

துரு

வெளித்தகரத்தின் துருவை எப்போது வேண்டுமானாலும் டிங்கர் வேலையில் திருத்தலாம். 1990களில் இலங்கையிலேயே மைனர் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். நம்மவர்களுக்கு அது புதிய வேலையல்ல. பயப்பட வேண்டியது அடியில் இருக்கும் துரு. மூடுபனியிலும் தென்மேற்குப் பருவ மழையிலும் நனைந்து, காயாமலே நின்ற வண்டிகளில் அது கண்ணுக்குத் தெரியாமல் தின்றிருக்கும்.

ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரும் சிறு சுத்தியலும் எடுத்துக்கொண்டு கீழே படுங்கள். முன்னிருக்கைகளுக்கு அடியில் குறுக்கே ஓடும் சட்டத்தை முதலில் தட்டிப் பாருங்கள். முறுக்குத் தண்டுகளின் பின்நுனி அதில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அதன் இரு முனைகளிலும் ஜக் வைக்கும் இடம் இருப்பதால் தண்ணீரும் சேறும் அங்கே தங்கும். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டாலோ ஸ்க்ரூடிரைவர் இறங்கினாலோ, அந்தச் சட்டம் மாற்றப்படும்வரை வண்டி நகரக் கூடாது. முன்பக்கப் பாரம் முழுவதும் அதன்மேல் நிற்கிறது. அடுத்து கதவுக்குக் கீழுள்ள வாசற்சட்டம், பின் தட்டுவில்லின் முன்முனை மாட்டும் இடம், ஓட்டுநரின் கால்வைக்கும் தரை ஆகியவற்றைப் பாருங்கள். அடியில் புதிதாகத் தடித்த தார்ப்பூச்சு அடித்திருந்தால் சந்தேகத்தோடு சுரண்டிப் பாருங்கள்.

வாசற்சட்டத்தை வெட்டுமுன் கதவுகளின் இடைவெளியை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். வண்டியைச் சில்லுகளில் நிற்கவிட்டோ, நான்கு இடத்தில் சமமாகத் தாங்கியோ வைத்து, கதவு வாசலில் குறுக்கே ஓர் இரும்புச் சட்டத்தைத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள். ஒரு பக்கம் முடித்தபின்தான் மறுபக்கம். தனிச் சேசி இல்லாததால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டினால் உடல் நடுவில் தொய்யும். அதற்குப் பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகச் சாத்தாது.

பின்பக்கம் மரச்சட்டம் வைத்த டிரவலர் வகையில் அந்த மரமும் பாரம் தாங்கும் பாகம். அசல் மரம் ஆஷ். தேக்கு போடுவதானால், தேக்கின் எண்ணெய்ப் பசையால் பிசின் ஒட்டாது என்பதால் மூட்டுகளை அசிற்றோனால் துடைத்த கையோடு ஒட்ட வேண்டும்.

நின்ற எஞ்சினை எழுப்புதல்

பற்றரியைப் பூட்டி ஸ்டார்ட்டரை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். துருப்பிடித்த பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரைக் கீறும். நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள், பம்பருக்கு மேலுள்ள துளைவழியே கைப்பிடியைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றவில்லையென்றால் பலம் போடாமல் மீண்டும் ஒயில் விட்டுக் காத்திருங்கள்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலை வடித்து, பில்டரை மாற்றி, 20டபிள்யூ-50 ஒயில் சுமார் 3.7 லீற்றர் விடுங்கள். பிளக் போடாமலே ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டு, ஒயில் எச்சரிக்கை விளக்கு அணைகிறதா பாருங்கள். அது அணைந்த பிறகே பிளக் போட வேண்டும்.

பெற்றோல் தாங்கியைக் கழற்றிக் கழுவுவது கட்டாயம். அடியில் படிந்த பசையும் துருத்தூளும் முதல் ஏற்றத்திலேயே காபரேற்றருக்கு வந்துவிடும். எஞ்சின் அறையிலுள்ள எஸ்யூ கம்பனியின் பெற்றோல் மின்பம்ப், சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் நிற்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் அதன் உள்ளே தொடுமுனை கறுத்திருக்கும். மூடியைக் கழற்றி மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தால் பெரும்பாலும் எழும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் குழாயில் காற்று இழுக்கிறது, அல்லது காபரேற்றரின் மிதவை ஊசி மூடாமல் பெற்றோல் வழிகிறது. இரண்டாவது தீப்பிடிக்கக் கூடியது. உடனே சாவியை அணைத்துவிட்டுப் பாருங்கள்.

எழுதி எஞ்சின் அறையில் ஒட்டிவைக்க வேண்டிய அளவுகள்:

பொயின்ற் (டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள தொடுமுனை) இடைவெளி 0.38 மி.மீ.
பிளக் இடைவெளி 0.64 மி.மீ.
வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.30 மி.மீ.
தீப்பொறி வரிசை 1-3-4-2
சிலிண்டர் ஹெட் நட் இறுக்கம் 40 இறாத்தல்-அடி

வால்வு சரிசெய்யும்போது ஒன்பது கணக்கை நினைவில் வையுங்கள். 8ஆம் வால்வு முழுதாக அழுந்தியிருக்கும்போது 1ஆம் வால்வைச் சரிசெய்ய வேண்டும். 6 அழுந்தியிருக்கும்போது 3. இப்படி இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் ஒன்பது. ஈயம் கலந்த பெற்றோலை நம்பி வார்த்த ஹெட் என்பதால், நீண்ட ஏற்றங்களில் எக்ஸோஸ்ற் வால்வின் இருக்கை மெதுவாகத் தேய்ந்து உள்ளே இறங்கும். 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை பார்க்கையில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. அடுத்த முறை ஹெட் இறக்கும்போது கடின இருக்கைகள் போடச் சொல்லுங்கள்.

முன்சில்லின் மரைப்பூட்டு

மைனர் வைத்திருப்பவர் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்ய வேண்டுமென்றால் அது இந்தப் பகுதி.

முன்சில்லைத் தாங்கும் செங்குத்துத் தண்டுக்கு மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும். அந்த மரைகளில் டிரனியன் என்ற பாகம் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள்ளேயே சுழலும். மிகச் சிக்கனமான யோசனை. ஆனால் காரின் முன்பாரம் முறுக்குத் தண்டு வழியாகக் கீழ்க்கைக்கும் (சில்லைக் கீழே பிடிக்கும் கை), அங்கிருந்து கீழ் டிரனியனின் மரைக்கும் வருகிறது. மரை தேய்ந்தால் தண்டு அதிலிருந்து பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். சில்லு சாய்ந்து மட்காட்டுக்குள் மடியும், வண்டி மூக்குக் குத்தி நிற்கும். கொட்டிலில் பின்னெடுக்கும்போது நடந்தால் தகரம் மட்டும் போகும். ஒரு பக்கம் பள்ளத்தாக்கான பாதையில் நடப்பதை எண்ணிப் பாருங்கள்.

சோதிக்கும் முறை இது. கைபிரேக் போட்டு, பின்சில்லுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை உயர்த்தி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சில்லின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு நிற்பவரைப் பிரேக் பெடலை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குற்றம் சில்லு பெயரிங்கில். மறையாவிட்டால் மரைப்பூட்டில், அல்லது மேலே உள்ள டம்பரில் (சில்லின் துள்ளலை அடக்கும் பாகம்). மைனரில் டம்பரின் கையே மேற்கையாகவும் வேலை செய்கிறது. அதனால் டம்பரின் உள்புஷ் தேய்ந்தாலும் சில்லு இப்படித்தான் ஆடும். பிறகு டயருக்கு அடியில் அலவாங்கு கொடுத்து சில்லை நேர்மேலாக நெம்புங்கள். கீழ் டிரனியனுக்கும் தண்டுக்கும் இடையே மேல்கீழ் ஆட்டம் கண்ணால் தெரிந்தால் அந்தச் சோடியை மாற்றியே ஆக வேண்டும்.

வாங்கும்போது கவனம். இடப்பக்கத் தண்டின் மரையும் வலப்பக்கத் தண்டின் மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் இங்கிலாந்திலிருந்து எடுப்பித்தாலும் பழைய பாகத்தைக் கையில் வைத்து மரையை ஒப்பிட்டுப் பாருங்கள். தண்டையும் டிரனியனையும் சோடியாகவே மாற்றுங்கள். தேய்ந்த மரையில் புது டிரனியன் போட்டால் சில மாதத்தில் அதுவும் தேயும். லேத் பட்டறையில் வெட்டிய டிரனியனை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. வெட்டும் கை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், உலோகத்தின் தரமும் கடினமும் தெரியாமல் உயிரை அதில் தொங்கவிட முடியாது.

கழற்றும்போது கீழ்க்கைக்கு அடியில் உறுதியான ஜக் இருக்க வேண்டும். முறுக்குத் தண்டு எப்போதும் முறுக்கேறிய நிலையில் இருக்கிறது. தாங்காமல் மேல் இணைப்பைக் கழற்றினால் கீழ்க்கை வேகமாக அடித்து இறங்கும். கை அகப்பட்டால் எலும்பு மிஞ்சாது. பூட்டும்போது டிரனியனை முழுவதும் திருகிவிட்டு, ஸ்டியரிங் இரண்டு பக்கமும் முழுத் திருப்பம் போக இடம் கிடைக்கும் அளவுக்கு மட்டும் பின்வாங்குங்கள். தேவைக்கு மேல் பின்வாங்கினால் பிடிக்கும் மரை குறைந்துபோகும். முறுக்குத் தண்டையே வெளியே எடுத்தால் இடம் வலம் என்று பெயின்ற் தொட்டு அடையாளம் வையுங்கள். ஒரே பக்கம் முறுக்கிப் பழகிய தண்டை மறுபக்கம் போட்டால் உடையும். அதன்மேல் ஸ்பானர் கீறல்கூட விழக் கூடாது, முறிவு கீறலில்தான் தொடங்கும்.

இவ்வளவு ஆபத்தையும் தடுக்கும் மருந்து கிறீஸ். ஒவ்வொரு பக்கமும் மேல் டிரனியனுக்குக் கிறீஸ் ஏற்றும் ஒரு நிப்பிள், கீழுக்கு ஒரு நிப்பிள். 1,500 கிலோமீற்றருக்கு ஒருமுறை, மழைமாதங்களில் அதற்கு முன்னரே, கிறீஸ் அடிக்க வேண்டும். சில்லு தரையில் பாரத்தோடு நிற்கும்போது அடித்தால், அழுந்திய மரைப்பக்கத்துக்குக் கிறீஸ் போகாமல் சும்மா இருக்கும் பக்கமாக வழிந்துவிடும். உடலை ஜக்கில் தூக்கி, சில்லைத் தொங்கவிட்டு, ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே, புதுக் கிறீஸ் வெளியே தெரியும்வரை அடியுங்கள். கிறீஸ் ஏறாத நிப்பிளைக் கழற்றி மாற்றுங்கள். அடைபட்ட நிப்பிளுக்கு மேலே கிறீஸ் அப்பிவிட்டு 'சர்விஸ் செய்தாயிற்று' என்று சொல்லும் கராஜ்கள் உண்டு. பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிரேக்

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கண்ணில் படாததால் மறந்துபோகிறது. பாயைத் தூக்கி மூடியைக் கழற்றினால் ஒயில் விடும் வாய் தெரியும். நான்கு சில்லுக்கும் ஒரே குழாய்ச்சுற்று என்பதால் ஓரிடத்தில் கசிந்தாலும் பெடல் முழுதாகத் தரைக்குப் போகும். பிறகு கைபிரேக் ஒன்றே துணை.

நீண்டகாலம் நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், சில்லு சிலிண்டர்கள், மூன்று ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் எந்தக் கேள்வியுமின்றி மாற்றிவிடுங்கள். முன்சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர், பின்சில்லு ஒவ்வொன்றிலும் ஒன்று. மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றப் போனால் அதன் போல்ட்டுகள் முறுக்குத் தண்டில் இடித்து வெளியே வராது. தண்டைத் தளர்த்தி இறக்கித்தான் எடுக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து செலுத்துங்கள், அடுத்த முறை இந்தப் பாடு இருக்காது.

ஊற்றுவது டொட் 3 அல்லது டொட் 4 பிரேக் ஒயில் மட்டும். எஞ்சின் ஒயிலோ வேறு கனிய எண்ணெயோ ஒரு துளி கலந்தாலும் ரப்பர் வீங்கி எல்லாம் பழுதாகும். காற்று எடுப்பதை மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான இடப் பின்சில்லில் தொடங்கி, வலப் பின்சில்லு, இட முன்சில்லு, வல முன்சில்லு என்று முடியுங்கள். பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் கூடக்கூட அதன் கொதிநிலை இறங்கும். சமதரையில் ஒன்றும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் சூடேறி, குழாய்க்குள் ஆவி உண்டாகி, பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழு ஒயிலையும் மாற்றுங்கள்.

டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவின் இடைவெளி சரிசெய்ய, சில்லைக் கழற்றி டிரம்மைச் சுற்றி, அதிலுள்ள துளை வழியாகச் சரிசெய்யும் திருகைக் கண்டுபிடியுங்கள். முன்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு திருகு. ஒன்றை மட்டும் முடித்துவிட்டு மற்றதை விட்டுவிடுவதே வண்டி ஒரு பக்கம் இழுப்பதற்கு வழக்கமான காரணம். டிரம் பிடிக்கும்வரை வலஞ்சுழியாகத் திருகி, சுதந்திரமாகச் சுற்றும்வரை ஒரு படி பின்வாங்குங்கள்.

948 வண்டிகளில் முன் டிரம் 7 அங்குலம், 1098இல் 8 அங்குலம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கினால் 1,300 மீற்றருக்கும் மேற்பட்ட இறக்கம். அவ்வளவு தூரமும் பிரேக்கை மெல்ல மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கின் பிடியும் குறையும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பெரும்பாலான வளைவுகளுக்கு இரண்டாம் கியர். பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, ஆறவிட்டு, மறுபடி அழுத்துங்கள். ஓடும்போதே பற்களை ஒத்திசைத்துப் பூட்டும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. ஓடும்போது அதைப் போட முயன்றால் பல் உடையும். ஏற்றத்தில் திணறத் தொடங்கினால், நின்று போட்டுவிட்டு எடுங்கள். சரிவில் நிறுத்தும்போது கைபிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். கியரில் விட்டு, முன்சில்லை மண்மேட்டுப் பக்கம் திருப்பி, ஒரு கட்டையும் வையுங்கள்.

உயரமும் காற்றும் தண்ணீரும்

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. 948 எஞ்சினின் 37 குதிரைவலுவில் கிட்டத்தட்ட அதே பங்கு குறையும். வண்டி சோர்வதைக் கண்டு எஞ்சின் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். முதலில் காபரேற்றரைப் பாருங்கள்.

கொழும்பில் சரிசெய்த கார் மேலே வந்ததும் பெற்றோல் கூடிய கலவையில் ஓடும். பிளக் கரிபிடிக்கும், சைலன்சரில் கரும்புகை தெரியும். எஸ்யூ காபரேற்றரில் இதைக் கையாலேயே சரிசெய்யலாம். எஞ்சின் சூடான பிறகு காபரேற்றரின் பிஸ்டனை, அதைத் தூக்குவதற்கென்றுள்ள ஊசியால் 1 மி.மீ. அளவு தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெற்றோல் அதிகம். எஞ்சின் அணையப் போனால் பெற்றோல் குறைவு. ஒரு கணம் மட்டும் சற்றுக் கூடி அடங்கினால் சரி. அடியிலுள்ள ஜெட் நட்டை மேலே திருகினால் பெற்றோல் குறையும், கீழே திருகினால் கூடும். நட்டின் ஆறு முகங்களில் ஒரு முகம் திருப்பிவிட்டு மறுபடி சோதியுங்கள். பழைய அளவு முற்றாகத் தெரியாமல் போனால் நட்டை முழுதாக மேலே ஏற்றி, இரண்டு சுற்று இறக்கி அங்கிருந்து தொடங்கலாம். எத்தனை முகம் திருப்பினீர்கள் என்று எழுதிவையுங்கள். கொழும்புக்கு இறங்கி அங்கேயே ஓட்டுவதானால் அதே அளவு திருப்பிவிட வேண்டும். பெற்றோல் குறைந்த கலவையில் சமதரையில் வேகமாக ஓட்டினால் வால்வு கருகும். காபரேற்றர் பிஸ்டனுக்கு மேலுள்ள டம்பர் குழியில் எஸ்ஏஇ 20 ஒயில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வற்றினால் அக்ஸிலரேற்றரைத் திடீரென அழுத்தும்போது எஞ்சின் விக்கும்.

அடுத்தது தண்ணீர். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். ரேடியேற்றர் மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தத்தைப் பிடித்தால் கொதிநிலை 105க்கு மேலே போகும். ரப்பர் வெடித்த மூடி போட்ட வண்டி நானுஓயா ஏற்றத்தில் ஆவி விடுவதற்கு அதுவே காரணம். பலர் மூடியை விட்டுவிட்டு ரேடியேற்றரை மாற்றிப் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

தேர்மோஸ்ராற்றைக் கழற்றி வீசும் பழக்கம் இங்கே நிறைய இருக்கிறது. மலைநாட்டுக்கு அது தவறான வேலை. தை, மாசி விடியலில் புல்லில் உறைபனி தெரியும் ஊரில் தேர்மோஸ்ராற் இல்லாத எஞ்சின் சூடேறவே நெடுநேரமாகும். அதுவரை ஒயிலில் தண்ணீரும் பெற்றோலும் சேர்ந்து வெள்ளைப் பசையாகும். 82 பாகை தேர்மோஸ்ராற் ஒன்றைப் போட்டு, சுமார் 5½ லீற்றர் தண்ணீரில் நான்கில் ஒரு பங்கு கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். தண்ணீர்ப் பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே சுண்டுவிரல் நீளத்தில் ஒரு சிறு ரப்பர் குழாய் இருக்கும். பம்பையோ ஹெட்டையோ கழற்றும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகப் போடுங்கள். பின்னால் தனியாக மாற்றுவது பெரும் சிரமம்; வெடித்தால் சில நிமிடத்தில் தண்ணீர் முழுவதும் போய்விடும்.

மின்சாரம்

தொழிற்சாலையிலிருந்து வந்த மைனரில் பற்றரியின் நேர்முனை, அதாவது கூட்டல் முனை, உடலோடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய கார்களுக்கு நேர்மாறு. இடையில் யாராவது மாற்றியிருக்கவும் கூடும். எனவே பற்றரி பூட்டுமுன் கேபிள்கள் எங்கே போகின்றன என்று தொடர்ந்து பாருங்கள். மாறிப் பூட்டினால் டைனமோ ஒழுங்காகச் சார்ஜ் செய்யாது, புதிதாகப் போட்ட ரேடியோ கருகும். வண்டி முழுவதற்கும் பியூஸ் இரண்டே இரண்டு. எலி கடித்த, துணிச் சுற்று உதிர்ந்த வயர்களை ஒட்டுப்போடாமல் கட்டோடு மாற்றுவதுதான் நல்லது.

முதல் ஓட்டம்

நுவரெலியாவில் இருப்பவர்களுக்கு கிரகரி ஏரியைச் சுற்றிய சமதரை முதல் ஓட்டத்துக்கு நல்ல இடம். நான்கைந்து முறை வேகமெடுத்துப் பிரேக் பிடித்து, நின்று, நான்கு டிரம்மையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தச் சில்லின் சிலிண்டர் இறுகியிருக்கிறது. மழையில்லாத பகலில் நானுஓயாவுக்கு இறங்கி ஏறுங்கள். றம்பொடை, கினிகத்தேனை எல்லாம் இவற்றில் குறையில்லை என்று தெரிந்த பிறகு. ஏப்ரல் வசந்த காலத்தில் மைனரோடு நுவரெலியாவுக்கு ஏற நினைப்பவர்கள் இந்த வேலைகளைத் தைப்பொங்கலுக்கு முன்பே தொடங்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து பாகம் வந்து சேர நாளெடுக்கும்.

500 கிலோமீற்றர் ஓடியதும் எஞ்சின் குளிர்ந்தபின் ஹெட் நட்டுகளை 40 இறாத்தல்-அடியில் மறுபடி பாருங்கள். வால்வு இடைவெளி, பிரேக் திருகு, முன்சில்லின் மேல்கீழ் ஆட்டம் ஆகியவற்றையும் அதே நாளில் பாருங்கள். டிக்கியில் எப்போதும் இருக்க வேண்டியவை: பான்பெல்ட் ஒன்று, ரேடியேற்றர் குழாய் இரண்டு, கிளிப்புகள், பொயின்றும் கண்டென்சரும், பியூஸ்கள், ஒரு போத்தல் பிரேக் ஒயில், 5 லீற்றர் தண்ணீர், கைப்பிடி, சில்லுக்கு வைக்க இரண்டு கட்டைகள்.